ரீலோட் போடும் அப்பைக் காதால் சோதிப்பது

பார்வையில்லாத ஒருவர் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நின்றபடி தன் போனுக்கு 100 ரூபாய் ரீலோட் போட வேண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுக்காமல் அவரால் அதைச் செய்து முடிக்க முடிகிறதா? அப்பைச் சோதிப்பவர் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான்.

அண்ட்ரொய்ட் செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டிக்குள் டோக்பாக் இருக்கும்; திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் வசதி அது. இரண்டு வொலியூம் பட்டன்களையும் 3 செக்கன் அழுத்தினால் அது நிற்கும்படி ஷோர்ட்கட்டை முதலே போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் நிறுத்தத் தெரியாமல் தடுமாறுவீர்கள். குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். ஆங்கிலக் குரலில் மட்டும் சோதித்த அப் இங்கே சோதிக்காத அப்தான். பிறகு போனின் மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளித் தள்ளி முதல் பொருளிலிருந்து கடைசிவரை போங்கள். இருமுறை தட்டினால் அது திறக்கும்.

ஒரு விரல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. போரில் கண்ணோடு கைவிரல்களையும் இழந்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். மூன்று விரலால் தட்டுவது அவர்களுக்குச் சரிவராது. ஒரே விரலைக் கீழே இழுத்து அப்படியே வலப்பக்கம் திருப்பினால் டோக்பாக் மெனு வரும். இடப்பக்கம் திருப்பினால் முந்தைய திரைக்குப் போகும். உங்கள் அப்பில் இரண்டு விரல் இல்லாமல் நடக்காத வேலை ஏதும் இருந்தால் அதைப் பிழையாகவே எழுதுங்கள்.

குரல் வாசிக்கப் பெயர் வைக்காத பட்டன்களை, அக்ஸஸிபிலிட்டி பிழைகளைத் தேடும் ஸ்கேனர் அப்களே பிடித்துவிடும். 48 டிபிக்கு (டிபி என்பது திரையில் அளவைச் சொல்லும் அலகு) சிறிய பட்டனையும், 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறைந்த நிற வேறுபாட்டையும் அவை காட்டும். வைத்த பெயர் காதுக்குச் சரியா என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியாது. 'பணம் அனுப்புவதற்கான பொத்தான்' என்று பெயர் வைத்தால், டோக்பாக் தன் பங்குக்கும் அது பட்டன் என்று சேர்த்துச் சொல்லும். 'பணம் அனுப்பு' போதும். 12 இலக்க அடையாள அட்டை எண்ணைக் கோடிக் கணக்கில் வாசித்தால் யாருக்கும் விளங்காது. இலக்கம் இலக்கமாக வாசிக்க வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு கோளாறு, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பழைய எழுத்துருவான பாமினி. பழைய அறிவித்தல்களை அப்படியே ஒட்டி, அப்புக்குள் பாமினி எழுத்துருவைச் சேர்த்துவிடுகிறார்கள். கண்ணுக்கு 'அம்மா' என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். குரல் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் உளறும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மிகக் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் 'அனுப்பு' தட்டிய பிறகு வரும் மௌனம். திரையில் வட்டம் சுழல்கிறது. குரல் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுப்படவில்லை என்று நினைத்து அவர் மறுபடி தட்டுவார், பணம் இரண்டு தடவை போகும். சுழலும்போது பட்டனை முடக்க வேண்டும். 'அனுப்பப்படுகிறது', 'முடிந்தது' என்ற வரிகளை லைவ் ரீஜனாக்கினால், அதாவது மாறியவுடன் வாசிக்க வேண்டிய பகுதி என்று கோடில் குறித்தால், டோக்பாக் தானாகவே சொல்லும். சிவப்பில் மட்டும் தெரியும் பிழைச் செய்திக்கும் இதே வைத்தியம். இரகசிய இலக்கமான பின் (PIN) நம்பருக்குச் சொந்தமாக எண்பலகை செய்வதும் ஆபத்து: சாதாரணப் பட்டன்கள் என்பதால் ஒவ்வொரு இலக்கத்தையும் பஸ் நிலையமே கேட்க டோக்பாக் சொல்லும். வழக்கமான பாஸ்வேர்ட் பெட்டியைப் பயன்படுத்துங்கள்.

பிழையை எழுதும்போது போன் மொடல், அண்ட்ரொய்ட் பதிப்பு, எந்தக் குரல், எந்தத் திரை, என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்பவை வேண்டும். போனின் உள்ஒலியை மட்டும் பதிந்தால் டோக்பாக் குரல் அதில் விழாது. டோக்பாக் செட்டிங்ஸில் டெவலப்பர் பகுதிக்குப் போய், பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதியை இயக்குங்கள். கேட்ட சொல் ஸ்கிரீன்ஷொட்டிலேயே வந்துவிடும். ஐபோனில் திரையை வாசிக்கும் வசதியான வொய்ஸ்ஓவரின் கெப்ஷன் பெனல் இதே வேலையைச் செய்யும்.