எஸ்க்யூஎல் பழக எதை நிறுவுவது?

டேட்டாபேஸில் உள்ள தரவைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லைப் படிக்க உட்கார்ந்த முதல் பத்து நாளில், தரவை எடுக்கும் செலக்ட் கட்டளை ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. எந்த டேட்டாபேஸ் நல்லது என்று தேடுவதிலேயே பொழுது போனது. கடைசியில் பெரிய சர்வர் ஒன்றை இறக்கினேன். நிறுவும்போது கேட்ட கடவுச்சொல்லுக்கு எதையோ தட்டிவிட்டு மறுநாளே மறந்துபோய், அதை நீக்கி மறுபடி நிறுவி, அதிலும் ஏதோ பிழை வந்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் மென்பொருளுக்கு வந்தேன். இன்று யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறேன். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது. பதிப்புரிமை கோராமல் பொதுவில் விடப்பட்டது. சர்வர், போர்ட், கடவுச்சொல் எதுவும் கிடையாது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால், டெலீட் கட்டளையில் எந்த வரிகள் என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) நிபந்தனையைப் போட மறந்து டேபிளையே காலி செய்தாலும் கவலையில்லை. (நான் இரண்டு முறை செய்தேன்.)

கறுப்புத் திரையில் தட்டத் தயக்கமாக இருந்தால் டிபி பிரௌசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ‘ரைட் சேஞ்சஸ்’ பட்டனை அழுத்தினால்தான் மாற்றங்கள் ஃபைலில் ஏறும். கட்டளைத் திரையில் வேறொரு பள்ளம் உண்டு. ஃபைல் பெயர் கொடுக்காமல் திறந்தால் எல்லாமே தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், மூடியதும் போய்விடும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து நான் உருவாக்கிய நான்கு டேபிள்கள் அப்படித்தான் போயின. திறந்ததுமே திரையில் எச்சரிக்கை இருந்தது, படித்தால்தானே!

சரி, எஸ்க்யூலைட் மட்டுமே போதுமா? போதாது. அது ரொம்ப விட்டுக்கொடுக்கும். வயது என்ற இன்டிஜர் நெடுவரிசையில் ‘இருபது’ என்று எழுத்தில் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் ஃபாரின் கீயின் சரிபார்ப்பைக்கூட வழக்கமாக நாம்தான் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை போட்டு இயக்க வேண்டும். எனக்கு வினை வைத்தது, வரிகளைக் குழுக்களாகத் தொகுக்கும் குரூப் பை. துறைவாரியாகச் சராசரிச் சம்பளம் கேட்கும்போது கூடவே ஊழியர் பெயரையும் செலக்டில் சேர்த்திருந்தேன். குழுவில் ஏதோ ஒருவரின் பெயரைக் காட்டி விடை தந்தது; நானும் சரிதான் என்று நம்பி, அதையே தேர்வுத்தாளிலும் எழுதி மதிப்பெண்ணை விட்டேன்.

அதே குவெரியைப் பிறகு போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு இலவச டேட்டாபேஸில் ஓட்டினேன். அந்த நெடுவரிசை குரூப் பையில் இருக்க வேண்டும், இல்லையேல் சராசரி, கூட்டல் போன்ற ஃபங்ஷனுக்குள் இருக்க வேண்டும் என்று முகத்திலடித்தாற்போல் மறுத்தது. அந்தக் கண்டிப்பு படிக்கிறவனுக்கு வேண்டும். அதனால் டேபிள்களை இணைக்கும் ஜாயின் பிடிபட்டதும் போஸ்ட்கிரெஸுக்கு மாறிவிடுங்கள். விண்டோஸ் நிறுவியோடு, அதைப் பட்டன்கள் வழியே இயக்கும் பிஜிஅட்மினும் வரும். போர்ட் 5432 என்பதை மாற்ற வேண்டாம். கடவுச்சொல்லை மட்டும் தாளில் எழுதி வையுங்கள்.

பாடத்திட்டத்திலேயே மைஎஸ்க்யூஎல் இருந்தால் அதன் கம்யூனிட்டி பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், ஆரக்கிள் இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டுதான். ஆனால் வேலை கேட்டாலொழிய அவை தொடக்கத்தில் சுமை.

மென்பொருளைவிடத் தரவுதான் முக்கியம். ஐந்து மாணவர் பெயரை நாமே தட்டிப் பழகினால் எந்தப் பிழையும் கண்ணில் படாது. சினூக் என்ற மாதிரி டேட்டாபேஸை இறக்குங்கள்: ஓர் இசைக் கடையின் கணக்கு, 11 டேபிள்கள், மேலே சொன்ன பலவற்றிலும் ஓடும். அதில் 275 கலைஞர்களும் 347 ஆல்பங்களும் உண்டு. இரண்டையும், பொருந்துகிற வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயின் செய்தால் 347 வரிகள் வரும். கலைஞர் பக்கத்திலிருந்து, பொருந்தாதவர்களையும் விடாத லெஃப்ட் ஜாயின் செய்தால் 418. கூடுதலாக வந்த 71 பேருக்கும் ஆல்பமே கிடையாது. அப்புறம் ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆல்பம் என்று கவுன்ட் செய்யுங்கள். கவுன்டுக்குள் நட்சத்திரக் குறி போட்டால் அந்த 71 பேருக்கும் 1 என்று வரும். ஆல்பம் ஐடியைப் போட்டால்தான் 0.