சாக்கடை நீரில் நோரோவைரஸைத் தேடும்போது

வாந்தி பேதி வந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவரிடம் போவதே இல்லை. ஆனால் வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸ் அவர்களுக்குத் தொற்றியிருந்தால், மலத்தோடு கழிவுநீருக்கு வந்துவிடும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு, எமரி பல்கலைக்கழகங்களின் வேஸ்ட்வாட்டர்ஸ்கேன் திட்டம் இதைத்தான் அளக்கிறது. அவர்கள் எடுப்பது நீரை அல்ல, சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் தொட்டியில் படியும் சேற்றை. வைரஸ் திடப்பொருளில் ஒட்டிக்கொள்வதால் அங்கே செறிவு அதிகம், நல்ல தேர்வு.

நீர்தான் கிடைக்கும் என்றால் ஒரு வாளி மொண்டு வருவது போதாது. தானியங்கிக் கருவி 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கட்டும். 4 டிகிரி செல்சியஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பலர் இடறுவது பிசிஆரில், அதாவது வைரஸின் மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனையில். மட்கிய பொருள்களிலிருந்து கழிவுநீரில் கலக்கும் ஹியூமிக் அமிலம், அப்படிப் பெருக்கும் நொதியைத் தடுத்து, இருக்கிற வைரஸையும் இல்லை என்று காட்டிவிடும். மாதிரியிலிருந்து பிரித்த அதே ஆர்என்ஏவை (வைரஸின் மரபுப்பொருளை) பத்து மடங்கு நீர்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள். சிடி எண், அதாவது வைரஸ் தெரியவர எத்தனை சுற்றுப் பெருக்கம் ஆனது என்ற எண், ஏறத்தாழ 3.3 கூட வேண்டும். அதைவிட மிகக் குறைவாகக் கூடினாலோ, கூடாமலே நின்றாலோ தடுப்பு இருக்கிறது. அப்போது நீர்த்த மாதிரியின் அளவையே பத்தால் பெருக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் சாக்கடையில் கலந்தால் வைரஸ் எண்ணிக்கை பொய்யாகச் சரியும். மிளகாய்ச் செடியைத் தாக்கும் தேமல் வைரஸ் ஒன்று உணவு வழியாகப் பலரின் மலத்திலும் ஏராளமாக வரும். மழை அதையும் அதே அளவு நீர்க்கச் செய்யும். அதையும் அளந்து, நோரோவைரஸை அதனால் வகுத்துப் பாருங்கள்.