சார்ட் பேப்பரில் பிரித்த ஒரு ஏக்கர் இருபது சென்ட்

தாத்தாவின் நிலத்தைப் பாகம் பிரித்துவிடலாம் என்று பேச்சு வந்ததுமே காகித வேலை என் தலையில் விழுந்தது. தென்காசிப் பக்கம், கிணற்றோடு ஒரு ஏக்கர் இருபது சென்ட். 1958 கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, இறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்றிதழ்கள், நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படம் என்று ஒரு பை நிறையச் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் புரிகிறது. எல்லாவற்றையும் சேர்த்து யோசித்தால் தலை சுற்றுகிறது. பத்திரத்தில் ஒரு சர்வே எண், பட்டாவில் வேறு எண். பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும். பட்டா 0 - 48.50 என்று ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 120 வந்துவிடுகிறது, அதுவரை சரி.

முதலில் போனில் ஒரு ஆப்பில் குடும்ப மரம் போட்டேன். யார் யாருக்கு என்ன உறவு என்று அழகாகக் காட்டியது. ஆனால் அது எங்களுக்குத் தெரியாததா? யார் முதலில் இறந்தார், யார் பிறகு என்பதுதான் பார்த்தவுடன் தெரியவேண்டியிருந்தது. இரண்டு சார்ட் பேப்பரை ஒட்டி, குறுக்கே ஒரு கோடு இழுத்து ஆண்டுகளைக் குறித்தேன். கோட்டுக்கு மேலே ஆட்கள், கீழே காகிதங்கள். 1984-க்கு மேல் தாத்தா. 1992-க்கு மேல் பெரியப்பா. 2001-க்கு மேல் ஆச்சி, அதாவது பாட்டி. கீழே 1958-ல் கிரயம், 1985-ல், அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது கொடுத்த யூ.டி.ஆர். பட்டா. வில்லங்கம் போட்டதில் இணையத்தில் 1975 முதல்தான் கிடைத்தது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்கினோம். பழைய சர்வே எண்ணுக்கு ஒன்று, புது எண்ணுக்கு ஒன்று.

அந்த 1985 பட்டாதான் வருஷக்கணக்கான மனக்கசப்புக்குக் காரணம். பெரியப்பா பெயரில் மட்டும் இருந்தது. “பட்டா எங்கப்பா பேர்லதானே இருக்கு?” என்று பெரியப்பா மகனான அண்ணன் கேட்பதும், என் அப்பா எழுந்து போய்விடுவதும் வழக்கம். இந்த முறை அண்ணன் சார்ட்டில் விரலை வைத்து 1984-இலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தார். கோட்டுக்குக் கீழே அந்த இடம் காலி. பாகப்பிரிவினையும் இல்லை, மற்றவர்கள் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரமும் இல்லை. “அப்போ எதை வச்சு இதைப் போட்டாங்க?” என்று அவரே கேட்டார். அந்தக் காலத்தில் நேரில் போய் நின்றவர் பெயரில் பட்டா ஏறுவது சகஜம். பட்டா மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. காலி இடம்தான் எடுபட்டது.

அடுத்தது பங்கு. தாத்தா சொந்தமாக வாங்கிய நிலம், உயில் கிடையாது. ஆகவே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு தந்த 1989, 2005 திருத்தங்களுக்கெல்லாம் போகாமல் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அத்தைக்கும் சமபங்கு. நாலு பிள்ளைகள், தலா 30 சென்ட் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். சட்டக் கணக்கு அப்படி வரவில்லை. தாத்தா இறந்தபோது ஆச்சியையும் சேர்த்து ஐந்து பங்கு. பெரியப்பா போனபோது அவருடைய ஐந்தில் ஒன்று, பெரியம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மட்டுமல்ல, உயிரோடிருந்த தாய்க்கும் சமமாகப் பிரியும். ஐந்தில் ஒன்றும் இருபதில் ஒன்றுமாக இப்படி ஆச்சியிடம் சேர்ந்த கால் பங்கு நிலம், 2001-ல் நாலு கிளைக்கும் போகும். அதில் மருமகளான பெரியம்மாவுக்கு இல்லை.

இதை வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்? கிராஃப் தாளில் 160 கட்டம் எடுத்து, ஆளுக்கொரு கலர் பென்சிலால் அடித்தேன். அப்பா, சித்தப்பா, அத்தைக்குத் தலா 42 கட்டம். பெரியப்பா பிள்ளைகளுக்குத் தலா 13. பெரியம்மாவுக்கு 8. பழைய தமிழ்க் கணக்கில் 160-ல் ஒன்றுக்கு அரைக்காணி என்று பெயரே உண்டு என்றார் சித்தப்பா. அவருக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் இதெல்லாம் ஞாபகம் வரும்.

அத்தைக்குப் பின்னக் கணக்கு ஆகாது, ஆனால் கட்டத்தை எண்ணத் தெரியும். எண்ணி முடித்து, சென்ட் கணக்கு கேட்டார். மூவருக்கும் தலா 31.5, பெரியப்பா வீட்டுக்கு 25.5. ஆச்சிக்குப் பிறகு பெரியப்பா போயிருந்தால் அந்த வீட்டுக்கு முழுசாக 30 வந்திருக்கும் என்றும் சொன்னேன். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை.

“ஏல, நாலரை சென்ட்டுக்கா இவ்வளவு பெரிய பேப்பரு? எல்லாருக்கும் முப்பது போடு” என்றார் அத்தை.

சம்மதத்தின் பேரில் எப்படிப் பிரித்துக்கொண்டாலும் செல்லும் என்று வக்கீல் சொன்னதால் அதையே பேசி முடித்தோம். அப்பா தலையாட்டக் கொஞ்ச நேரம் ஆனது. சித்தப்பா கிணற்றடித் துண்டு தனக்கு வேண்டும் என்றார். புலப்படத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து நாலு விதமாகக் கோடு போட்டுப் பார்த்தோம். ரோட்டிலிருந்து பின் துண்டுக்குப் போக வழியில்லை என்பது அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. எட்டடிப் பாதை ஒன்றை விட்டு, அதையும் கிணற்றையும் பொதுவாக்கினோம். அந்த வரைபடத்தையே பத்திரத்தோடு இணைத்துப் பதிவு செய்தாயிற்று.

சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டார். உட்பிரிவுப் பட்டாக்கள் வந்துகொண்டிருக்கின்றன. கிணற்று மோட்டாருக்கான மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அதை யார் பெயருக்கு மாற்றுவது என்பதில் சித்தப்பாவுக்கும் அண்ணனுக்கும் இப்போது பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.