தலையில அடிபட்டு இ.எஸ்.ஐ பணம் வாங்கின கதை

கோயம்புத்தூர்ல ஒரு ஃபவுண்டரில வேலைங்க எனக்கு. செயின் பிளாக்ல மோல்டிங் பெட்டிய தூக்கறப்ப கொக்கி நழுவி தலையில அடிச்சுது, ஹெல்மெட் இருந்ததால மண்டை பொளக்கல, ஒரு சொட்டு ரத்தமும் இல்ல, ஆனா கொஞ்ச நேரம் நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல, அப்புறம் வாந்தி. சூப்பர்வைசர் சோடா குடுத்து வீட்டுக்கு போய் படுன்னாரு. கூட இருந்த அண்ணன்தான் வாந்தி வந்தா ஸ்கேன் பாக்காம விடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு போனாரு. சிடி ஸ்கேன்ல உள்ள லேசா ரத்தக்கசிவு. நல்லவேளை ஆபரேஷன் தேவைப்படல.

அட்மிட்ல இருக்கும்போதே ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிரு தம்பி, செலவ நாங்க பாத்துக்கறோம்"ங்கறாரு. என் சம்சாரம் அதெல்லாம் ஆகாதுங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி ஏஆர் காப்பில (விபத்துல வந்தவங்கள பத்தி எழுதற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல்) "வேலை செய்யுற இடத்துல அடி"ன்னு எழுதியாச்சு, அதுதான் கடைசி வரைக்கும் காப்பாத்துச்சு. ஏன்னா இ.எஸ்.ஐ-ல (தொழிலாளிகளுக்கான அரசு காப்பீடு) சாதா நோய்னு போனா கூலில 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள்தான், அதுவும் சந்தா கட்டின நாள் கணக்கு பாப்பாங்க. வேலையில அடின்னா 90 சதவீதம், டாக்டர் ஃபிட்னு எழுதற வரைக்கும், சேந்த மொத நாளே அடிபட்டாலும் உண்டு (மூணு நாளாவது வேலைக்கு போக முடியாம இருக்கணும்).

கம்பெனி ஆக்சிடென்ட் ரிப்போர்ட் போடாம இழுத்தடிச்சுது. நான் ஏஆர் காப்பி, அன்னைக்கு வருகைப்பதிவு போட்டோ, அந்த அண்ணன் எழுதி குடுத்த சாட்சி எல்லாம் வெச்சு இ.எஸ்.ஐ பிராஞ்ச் ஆபீஸ்ல மனு குடுத்தேன், அவங்க லெட்டர் போட்டதும் ரிப்போர்ட் தானா வந்துருச்சு. பணம் லேட்டுதான், ஆனா நேரா பேங்க் அக்கவுண்ட்லயே விழுந்துச்சு. இதுல கூத்து, நான் போட்டிருந்த ஹெல்மெட்ட தொடச்சு புதுப்பையனுக்கு குடுத்திருக்காங்க, ஒரு தடவ பலமா அடி வாங்கினது வெளிய விரிசல் தெரியலன்னாலும் தூக்கி போட வேண்டியதுங்க.

இப்ப மெடிக்கல் போர்டுக்கு (நிரந்தர பாதிப்பு எவ்வளவுன்னு முடிவு பண்ற டாக்டர்கள் குழு) எழுதி குடுத்திருக்கேன். கை போனா போர்டுல பாத்தாலே தெரியும், தலைவலி, கிறுகிறுப்பு, மறதி எல்லாம் எப்படி காட்டறது? அதனால ஒவ்வொரு தடவ இ.எஸ்.ஐ டிஸ்பென்சரி போறப்பவும் டாக்டர்கிட்ட சொல்லி சீட்டுல எழுத வெச்சுருங்க. எல்லாத்தையும் ஜெராக்ஸ் போட்டு ஒரு காப்பி உங்க கையிலயே வெச்சுக்கங்க.