போன் சர்வருக்குள் யாரை விடுவது?

ஆபீஸ் போன்களை இணையம் வழியாக இணைக்கும் ஆஸ்டரிஸ்க் சர்வர் ஒன்றை இணையத்தில் வைத்து, அழைப்புகள் வரும் 5060 போர்ட்டைத் திறந்துவிட்டு, யார் வந்தார்கள் என்று பதிந்து வைக்கும் லாகைப் பார்த்துக்கொண்டிருங்கள். முதல் விருந்தாளி வர அதிக நேரம் ஆகாது. 100, 101, 1000 என்று போன்களின் உள் எண்களை (எக்ஸ்டென்ஷன்) வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே போகும் ஸ்கிரிப்ட் அது. ஒரே ஒரு பாஸ்வேர்டு சிக்கிவிட்டால் போதும், சனி ஞாயிறு ஆபீஸில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வெளிநாட்டு எண்களுக்கு நிமிடத்துக்கு நிமிடம் பணம் போகும், பில் நம் தலையில் விழும். பலமுறை தவறான பாஸ்வேர்டு போடும் முகவரியைப் பூட்டிவிடும் ஃபெயில்2பேன் போட்டால் தடுக்கலாம்தான், ஆனால் அது ஒருவன் தப்பு செய்த பிறகு பூட்டுவது. நூறு முகவரியிலிருந்து ஆளுக்கு இரண்டு முயற்சி என்று வந்தால் அதன் கணக்கில் யாருமே தப்பு செய்யவில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் சர்வருக்குப் பேசுகிறவர்கள் எல்லோரும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள். அப்படியென்றால் எல்லோரையும் அடைத்துவிட்டு இந்த இரண்டு நாட்டு முகவரிகளை மட்டும் விட்டால் என்ன என்று தோன்றியது. யோசனை சரிதான், இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் பட்டியலை எப்படி வைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒவ்வொரு முகவரி வரம்புக்கும் லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ஒரு விதி எழுதினேன், ஆயிரக்கணக்கில். ஐபிடேபிள்ஸ் மேலிருந்து கீழாக ஒவ்வொரு விதியாகப் பார்த்துக்கொண்டு போகும். நம் ஆள் நடுவில் எங்காவது பொருந்தி உள்ளே போய்விடுவார், பட்டியலில் இல்லாத ஸ்கேனரின் பாக்கெட் மட்டும் கடைசி விதி வரை இறங்கி வந்துதான் விழும். அதாவது யாரைத் தடுக்க வேண்டுமோ அவனுக்குத்தான் சர்வர் அதிகம் உழைக்கிறது! ஸ்கிரிப்டில் ஒவ்வொரு விதியாகச் சேர்த்தால் அது இன்னும் மோசம், பழைய ஐபிடேபிள்ஸ் ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையையும் எடுத்துத் திருத்தித் திரும்ப லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் போடும், எண்ணிக்கை ஏற ஏற வேகம் படுத்துவிடும்.

இதற்கென்றே இருப்பது ஐபிசெட். முகவரிகள் எல்லாம் ஒரு செட்டுக்குள், ஃபயர்வாலில் ‘இந்த செட்டில் இருந்தால் விடு’ என்று ஒரே ஒரு விதி. தேடல் வரிசையாகப் போகாமல் ஹாஷ் முறையில் நேராக இடத்தைப் பிடிப்பதால் பட்டியல் பத்து மடங்கு பெரிதானாலும் பாக்கெட்டுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு செட்டின் இயல்பான உச்சவரம்பு 65,536 வரிகள், அதற்கு மேல் வேண்டுமென்றால் உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். புதுப்பிக்கும்போது ஓடுகிற செட்டைக் காலி செய்யாதீர்கள். இன்னொரு செட்டில் புதுப் பட்டியலை ஏற்றிவிட்டு இரண்டையும் ஸ்வாப் (இடமாற்றம்) செய்யுங்கள், பேசிக்கொண்டிருக்கிறவருக்குத் தெரியாது.

சரி, பட்டியல் எங்கிருந்து? ஆசிய பசிபிக் பகுதிக்கு ஐபி முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் ஏப்னிக் வெளியிடும் கோப்பிலிருந்து எடுத்தேன். அதில் ஒவ்வொரு வரியிலும் நாட்டின் குறியீடு, தொடக்க முகவரி, அப்புறம் எத்தனை முகவரிகள் என்ற எண்ணிக்கை. ஐபிசெட்டுக்கு வரம்பின் அளவை ப்ரீஃபிக்ஸாக, அதாவது சாய்கோடு போட்ட எண்ணாகச் சொல்ல வேண்டும்: 256 என்றால் /24, 65,536 என்றால் /16. நான் அந்த எண்ணிக்கைக்கு லாகரிதம் போட்டு வந்ததை முழு எண்ணாக வெட்டி, ப்ரீஃபிக்ஸ் ஆக்கியிருந்தேன். பல வாரம் ஒரு சிக்கலும் இல்லை. பிறகு ஒரு நாள் மலேசியாவில் ஒரு கிளையின் போன்கள் எல்லாம் ஒன்றாகச் செத்தன. அவர்கள் இணைய இணைப்பை மாற்றியிருந்தார்கள், புது முகவரியும் மலேசியாதான், கோப்பிலும் அந்த வரி இருந்தது. அரை நாள் தேடிய பிறகுதான் கண்ணில் பட்டது, அந்த வரியில் எண்ணிக்கை 768. அது இரண்டின் அடுக்கு இல்லை. என் ஸ்கிரிப்ட் அதை 512 ஆக்கி /23 என்று எழுதியிருக்கிறது. முகவரியின் மூன்றாவது எண் 5இல் தொடங்கும் வரம்பு அது, /23 இரட்டை எண்ணில்தான் தொடங்க முடியும் என்பதால் ஐபிசெட் 5.0/23ஐ 4.0/23 என்று எடுத்துக்கொண்டது. விளைவு, வேறு யாருக்கோ சொந்தமான 4 உள்ளே, கிளை இருந்த 6 வெளியே. சரியாகச் செய்தால் 5.0/24, 6.0/23 என்று இரண்டு வரி வர வேண்டும். பைதானின் ஐபிஅட்ரஸ் நூலகமே இப்படி உடைத்துத் தரும், நாமே கணக்குப் போட வேண்டியதில்லை.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது ஒரு ரீபூட். ஐபிசெட் ஏறுவதற்கு முன்னால் ஐபிடேபிள்ஸ் விதிகள் ஏறப் பார்த்தன, அப்படி ஒரு செட்டே இல்லை என்று மொத்தமும் நின்றுவிட்டது. விதியே இல்லாத ஃபயர்வால் என்றால் எல்லோருக்கும் திறந்த வாசல். போன்கள் எல்லாம் நன்றாக வேலை செய்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, காலையில் லாகில் அந்தப் பழைய எண் வரிசையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. செட் முதலில், விதி பிறகு, நெட்வொர்க் கடைசியில் என்ற வரிசையை, லினக்ஸ் தொடங்கும்போது எது முதலில் என்று பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் இப்போது கட்டாயமாக்கியிருக்கிறேன்.

இன்னொன்று, ஒரு முகவரியைச் செட்டிலிருந்து எடுத்த உடனே அது வெட்டுப்படும் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே தொடர்பில் இருக்கும் போன் சில நொடிக்கொருமுறை ‘இன்னும் இருக்கிறேன்’ என்ற கீப்அலைவ் அனுப்பிக்கொண்டே இருந்தால், நடப்புத் தொடர்புகளைக் குறித்து வைக்கும் கான்ட்ராக்கில் அதன் பதிவு காலாவதியாகாது, ஏற்கெனவே உள்ள தொடர்பை விடும் எஸ்டாப்ளிஷ்டு விதி வழியாக வந்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவையும் கையால் அழிக்க வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்காக நாட்டுப் பட்டியலை நீட்டுவதில்லை. ரோமிங் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகவே வெளியே வருவதால் போன் வேலை செய்துவிடுகிறது. ஓட்டல் வைஃபையில்தான் தடைபடும், அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெளி எண்களுக்குப் பேச இணைப்பு (டிரங்க்) கொடுப்பவரின் முகவரிகளுக்குத் தனி செட், அவர்களின் குரல் வரும் முகவரிகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்துவிடுங்கள், சிக்னல் வருகிற இடமும் குரல் வருகிற இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது தினமும் இரவு புதுப் பட்டியல் தயாரானதும், ஸ்வாப் செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு கிளையின் முகவரியும் அதில் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் சோதிக்கும். முந்தைய நாளைவிட வரிகள் சட்டென்று குறைந்திருந்தாலும் ஏற்றாது. போன வாரம் கோப்பு பாதியில் அறுந்து இறங்கியிருந்தது. பழைய பட்டியலே ஓடிக்கொண்டிருக்க, காலையில் எனக்கு ஒரு மெயில் மட்டும் வந்திருந்தது.