கம்யூனிட்டி காலேஜ்ல மாஸ் காம், அப்புறம் ட்ரான்ஸ்பர்: நான் பட்ட பாடு

கம்யூனிட்டி காலேஜ்ல மாஸ் காம் சேர்ந்து அப்புறம் யூனிவர்சிட்டிக்கு மாறறது எப்படின்னு சொந்தக்கார புள்ளைங்க ரெண்டு பேர் மாறி மாறி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு தொண்டை கட்டிருச்சு, அதனால மொத்தமா எழுதிடறேன். இது கலிபோர்னியா கதை, மத்த ஸ்டேட்ல ரூல் வேற வேற.

நாங்க திருச்சி. அத்தை 2004ல அப்பாவுக்குப் போட்ட ஸ்பான்சர் மனு 2018ல தான் கிளியர் ஆச்சு, நான் ப்ளஸ் டூ முடிச்ச கையோட குடும்பத்தோட வந்து சான் ஹோசே பக்கம் எறங்கினோம். இங்க நம்மாளுங்க வீட்டுக்கு யார் வீட்டுக்குப் போனாலும் "கம்ப்யூட்டர் சயின்ஸ் தானேம்மா?"ன்னு தான் காபியே குடுப்பாங்க. நான் மாஸ் கம்யூனிகேஷன்னு சொன்னா ஒரு நிமிஷம் அமைதி. அதுலயும் கம்யூனிட்டி காலேஜ்னு சொன்னதும் அப்பா "அது என்ன, நம்மூர் பாலிடெக்னிக் மாதிரியா"ன்னு கேட்டாரு. அப்படி இல்ல. நாலு வருஷ டிகிரியோட முதல் ரெண்டு வருஷத்த இங்க கம்மி காசுல படிச்சிட்டு மூணாவது வருஷத்துக்கு யூனிவர்சிட்டிக்கு போயிடலாம், கடைசில டிகிரி சர்டிபிகேட்ல யூனிவர்சிட்டி பேர் தான் இருக்கும். யூனிட்னா ஒவ்வொரு கிளாஸுக்கும் உள்ள கிரெடிட் கணக்கு, 2012ல இருந்து ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ட்ரான்ஸ்பருக்கு 60 செமஸ்டர் யூனிட் வேணும், ஆக படிப்பு ஃபீஸ் மட்டும் 2,760 டாலர். அதையும் வருமானம் கம்மியான வீட்டுக்கு பிராமிஸ் கிரான்ட்ல தள்ளுபடி பண்ணிடுவாங்க, எங்களுக்கு பண்ணாங்க.

ஆனா இந்த 46 எல்லாம் கலிபோர்னியா ரெசிடென்டுக்கு. வந்து ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகணும், இல்லைன்னா அதே யூனிட் பல மடங்கு விலை. சரின்னு ஒரு வருஷம் இந்தியன் மளிகைக் கடைல கேஷ் கவுன்டர்ல நின்னேன், கறிவேப்பிலை கட்டு எத்தனைன்னு எண்ணி பில் போடறது. கூடப் படிச்சவங்க எல்லாம் காலேஜ் போட்டோ போடுவாங்க, நான் பச்சை மிளகாய் எடை போட்டுட்டு இருப்பேன். இப்ப யோசிச்சா அந்த ஒரு வருஷத்துல தான் என் இங்கிலீஷ் சரியாச்சு.

2019 ஃபால்ல சேர்ந்தேன். முதல் நாள் அட்டென்டன்ஸ்ல ப்ரொபசர் "எஃப்னு? எஃப்னு இருக்கீங்களா?"ன்னு கூப்பிடறாரு, யாரும் கை தூக்கல, அப்புறம் தான் பார்த்தா அது நான். என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி, நம்மூர்ல இனிஷியல் தானே. அமெரிக்கா விசால என்ன பண்ணுவாங்கன்னா இருக்கிற பேரை சர்நேம் ஆக்கிட்டு, முதல் பேர் இடத்துல எஃப்.என்.யூ-ன்னு போட்டுருவாங்க, முதல் பேர் தெரியலன்னு அர்த்தம். கிரீன் கார்ட், காலேஜ் ஐடி, ஈமெயில் எல்லாத்துலயும் அதே. கயல்விழிங்கிற பேரு கடைசில, அதையும் அந்த இசட்-எச்ச பார்த்து பயந்து "கயல்விஸி"ன்னு படிப்பாங்க. இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா பின்னாடி இது என் கழுத்தையே பிடிச்சது.

முதல் செமஸ்டர்ல மாஸ் கம்யூனிகேஷன் அன்ட் சொசைட்டி, ரெண்டாவதுல நியூஸ் ரைட்டிங். முதல்ல சொன்னது ஜாலி, பத்திரிகை சுதந்திரம் பத்தி 1964ல வந்த நியூயார்க் டைம்ஸ் வெர்சஸ் சல்லிவன் தீர்ப்பு, ரேடியோ வரலாறு, விளம்பரம்னு போகும். நியூஸ் ரைட்டிங் அப்படி இல்ல, பெண்டு நிமித்திட்டாங்க. பேர் ஸ்பெல்லிங் தப்பா இருந்தா மிச்சம் என்ன எழுதியிருந்தாலும் ஜீரோ. நான் முதல் அசைன்மென்ட்டுக்கு பார்க்கிங் பெர்மிட் விலை பத்தி ஒரு ஸ்டூடன்டை பேட்டி எடுத்தேன், நுயென்னு வியட்நாம் பேரு, சான் ஹோசேல தடுக்கி விழுந்தா ஒரு நுயென் மேல தான் விழணும், அதுல ஜி-யும் ஒய்-யும் இடம் மாத்தி எழுதிட்டேன். ஜீரோ. ரெண்டு நாள் உக்காந்து எழுதின பேப்பர், மேல சிவப்பு வட்டம் ஒண்ணே ஒண்ணு. நான் அந்த கிளாஸ் ப்ரொபசர்கிட்ட போய் சண்டை போட்டேன், ஒரு எழுத்துக்கா இவ்ளோன்னு. அவங்க கோபமே படல, "உங்க பேர்ல அந்த இசட்-எச்ச நான் விட்டுட்டா?"ன்னு மட்டும் கேட்டாங்க. வாயடைச்சுப் போச்சு. அன்னைலேர்ந்து யாரை பேட்டி எடுத்தாலும் நோட்டை அவங்க கைல குடுத்து பேரை அவங்களையே எழுதச் சொல்லிடுவேன்.

அதோட ஸ்டூடன்ட் பேப்பர்ல சேர்ந்தேன், அதுவும் ஒரு கிளாஸ் தான், யூனிட் உண்டு. என்னைக் கேட்டா மத்த எல்லாத்தையும் விட இத தான் சொல்வேன். காலேஜ் போர்டு மீட்டிங்குக்கு அனுப்புவாங்க. பிரவுன் ஆக்ட்னு 1953லயே வந்த சட்டம், மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டாவ பொதுவுல ஒட்டணும், யார் வேணா போய் உக்காரலாம். திருச்சில கார்ப்பரேஷன் ஆபீஸ் பக்கமே போகாத நான் கடைசி பெஞ்சுல உக்காந்து அஜெண்டால 9வது ஐட்டத்துக்காக மூணு மணி நேரம் காத்திருப்பேன், அது வந்து நாலு நிமிஷத்துல முடிஞ்சிரும், அந்த நாலு நிமிஷம் தான் நியூஸ். 2020 மார்ச் 16, திங்கக்கிழமை, கொரோனாவால பே ஏரியால, அதாவது எங்க சான் பிரான்சிஸ்கோ-சான் ஹோசே பக்கம், ஆறு கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) வீட்டுலயே இருங்கன்னு ஆர்டர் வந்துச்சு. அந்த வாரப் பேப்பர் பிரிண்டே ஆகல. அதுக்கப்புறம் பேட்டி எல்லாம் ஜூம்ல.

இனி ட்ரான்ஸ்பர் சமாச்சாரம். கவுன்சிலர்னு ஒருத்தர் இருப்பாங்க, போய் பாக்கணும், ஆனா அவங்க சொல்றதையே வேதவாக்கா எடுத்துக்காதீங்க. எனக்கு சொன்னவங்க "போட்டோகிராபி எடு, மேஜர்ல, அதாவது மெயின் சப்ஜெக்ட்ல, சேத்துக்குவாங்க"னாங்க, நான் போக வேண்டிய இடத்துல சேத்துக்கல. அசிஸ்ட்னு ஒரு சைட் இருக்கு, எந்த காலேஜ்ல எந்த கிளாஸ் எந்த யூனிவர்சிட்டில எதுக்கு சமம்னு வரிக்கு வரி காட்டும், ஓசி தான், அத மொதல்ல பார்த்திருந்தா எனக்கு ஒரு சம்மர் மிச்சமாயிருக்கும்.

பெரிய அடி அது இல்ல. ஐகெட்சின்னு பொதுப் பாடங்களோட ஒரு லிஸ்ட், அத வெச்சு யூசிக்கும் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) போகலாம் கால் ஸ்டேட்டுக்கும் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) போகலாம்பாங்க, ரெண்டுமே பல கேம்பஸ் உள்ள அரசு யூனிவர்சிட்டி. ஆனா அதுல ஓரல் கம்யூனிகேஷன் கால் ஸ்டேட்டுக்கு மட்டும் கட்டாயம், யூசிக்கு வேணாம். எனக்கு போட்டுக்குடுத்த பிளான் யூசிய மனசுல வெச்சு போட்டது. யூசில ஆறு கேம்பஸ்ல டேக்னு (ட்ரான்ஸ்பர் அட்மிஷன் கேரன்டி) ஒண்ணு உண்டு, செப்டம்பர்ல ஒரே ஒரு கேம்பஸுக்கு போட்டு கண்டிஷன் முடிச்சா சீட் உறுதி, பெர்க்லி, எல்.ஏ., சான் டியாகோ அதுல கிடையாது. நானும் அந்த எண்ணத்துல தான் இருந்தேன். அப்புறம் கிளாஸ் லிஸ்ட்ட எறங்கிப் பார்த்தா யூசி கம்யூனிகேஷன்னா பெரும்பாலும் தியரி, ரிசர்ச், அர்வைன்ல லிட்டரரி ஜர்னலிசம் இருக்கு ஆனா அது எங்கயோ தெக்க. எனக்கு மீட்டிங்ல உக்காந்து எழுதற வேலை தான் வேணும், கால் ஸ்டேட் கேம்பஸான சான் ஹோசே ஸ்டேட் வீட்ல இருந்து பஸ்ல போற தூரம், 1934லேர்ந்து ஸ்பார்ட்டன் டெய்லின்னு ஸ்டூடன்ட் பேப்பர் ஓடுது. முடிவு பண்ணது அக்டோபர் 2020. அன்னைக்கு தான் தெரியுது ஓரல் கம்யூனிகேஷன் எடுக்கவே இல்லைன்னு. பேச்சு, எழுத்து, கிரிட்டிகல் திங்கிங், கணக்கு, இந்த நாலையும் கோல்டன் ஃபோர்ம்பாங்க, ஃபால்ல போகணும்னா ஸ்பிரிங்குக்குள்ள சி மைனஸாவது வாங்கி முடிச்சிருக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் அவ்ளோதான். ஸ்பிரிங் பப்ளிக் ஸ்பீக்கிங் எல்லாம் ஃபுல். வெயிட்லிஸ்ட்ல 7வது ஆள் நான். முதல் வாரம் ரெண்டு செக்‌ஷன்லயும் ஜூம்ல போய் உக்காந்து, கெஞ்சி மெயில் போட்டு, எட்டாவது நாள் ஆட் கோட், அதாவது கிளாஸ்ல சேர்றதுக்கான நம்பர், வந்துச்சு. அந்த கிளாஸ்ல என் கடைசி ஸ்பீச்சுக்கு நடுவுல அம்மா குக்கர் மூணு விசில் அடிச்சது ரெக்கார்டிங்ல இன்னும் இருக்கு. பி ப்ளஸ்.

(இப்ப 2025 ஃபால்லேர்ந்து புதுசா சேர்றவங்களுக்கு கால்-கெட்சின்னு ரெண்டு சிஸ்டத்துக்கும் ஒரே லிஸ்ட், ஓரல் கம்யூனிகேஷன் எல்லாருக்குமே உண்டு. பொழச்சீங்க.)

ஜர்னலிசத்துல ஏ.ஏ.டி.னு ட்ரான்ஸ்பர் டிகிரி எடுத்துக்கோங்க, கால் ஸ்டேட்ல ஏதாவது ஒரு கேம்பஸ்ல சீட் உறுதி. ஏதாவது ஒண்ணுல. நீங்க கேக்குற கேம்பஸ்லன்னு இல்ல, இத நிறைய பேர் தப்பா புரிஞ்சிக்கறாங்க. எனக்கு சான் ஹோசேவே கெடச்சது.

கெடச்சப்புறம் பேரு வேலைய காட்டுச்சு. அப்ளிகேஷன்ல நான் புத்திசாலித்தனமா முதல் பேர் கயல்விழி, கடைசி பேர் அப்பா பேர்னு போட்டுட்டேன், இனிமேலாவது ஒழுங்கா கூப்பிடட்டும்னு. காலேஜ்ல இருந்து போன ட்ரான்ஸ்கிரிப்ட் எஃப்.என்.யூ கயல்விழிக்கு. ரெண்டும் ஒரே ஆள்னு கம்ப்யூட்டருக்கு எப்படி தெரியும்? ஜூன் பூரா "ட்ரான்ஸ்கிரிப்ட் வரவில்லை"ன்னே காட்டிட்டு இருந்துச்சு, பாஸ்போர்ட் காப்பி, கிரீன் கார்ட் காப்பி, பழைய ஐடி நம்பர்னு மெயில் மேல மெயில், கடைசி தேதிக்கு ஆறு நாள் முன்னாடி தான் பச்சை டிக் வந்துச்சு. தப்பு என்னோடது தான். அதனால சொல்றேன், காலேஜ் ரெக்கார்ட்ல எந்த பேரோ அதையே அப்ளிகேஷன்லயும் போடுங்க, ஆசைக்கு மாத்தறதெல்லாம் உள்ள போனப்புறம் வெச்சுக்கலாம்.

2021 ஃபால்ல உள்ள போனேன். எந்தெந்த கிளாஸை எதுக்கு ஏத்துக்கிட்டாங்கன்னு ட்ரான்ஸ்பர் கிரெடிட் ரிப்போர்ட் வந்தப்ப எல்லாம் அதது இடத்துல இருந்துச்சு, அந்த போட்டோகிராபி 3 யூனிட் மட்டும் எலக்டிவ் கட்டத்துல தனியா உக்காந்திருந்துச்சு.