டிரெய்லருக்கு ப்ரொப்பேன் சிலிண்டரா? முதலில் தேதியைப் பாருங்கள்

மிச்சிகனில் பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்று வாங்கினோம். முன்பக்கம் இரண்டு 20 பவுண்ட் சிலிண்டர்களை மாட்டியே கொடுத்தார் விற்றவர். "கேஸ் பிடித்தால் போதும், கிளம்பிவிடலாம்" என்றார். கிளம்பும் முன் நிரப்பப் போனால், கடைக்காரர் சிலிண்டரை ஒரு திருப்பு திருப்பிப் பார்த்து, "தேதி முடிந்துவிட்டது, நிரப்ப மாட்டேன்" என்று கீழே வைத்துவிட்டார். என்ன தேதி, இனி என்ன செய்வது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மேல் வளையத்தில் தயாரித்த மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். அதிலிருந்து 12 வருடம்தான் செல்லும். பிறகு பரிசோதித்துப் புதுத் தேதி குத்த வேண்டும். கூடவே ஆங்கில 'இ' எழுத்து இருந்தால் மேலும் 5 வருடம். எங்களுடையதில் பெயிண்டை நகத்தால் சுரண்டிய பிறகுதான் 06-09 என்று தெரிந்தது. வால்வின் கைப்பிடி முக்கோணமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வுக்கு அதுதான் அடையாளம்.

கடைசியில் கைகொடுத்தது, கடை வாசல் கூண்டுகளில் சிலிண்டர் மாற்றிக் கொடுக்கும் இடம். தேதி முடிந்ததையும் எடுத்துக்கொண்டார்கள். இப்படி மாற்றும்போது 20 பவுண்ட் சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்ட் கேஸ்தான் இருக்கும், அதனால் இதை வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் புதுத் தேதியுள்ள சிலிண்டராகக் கேட்டு வாங்கினால், காலியானதும் அதையே நிரப்பும் கடையில் முழுசாக நிரப்பிக்கொள்ளலாம். நான் நின்று பார்த்துத்தான் எடுத்தேன்.

ரெகுலேட்டர் மாட்டியதில் சிக்கலில்லை. கையால் முறுக்கினாலே போதும். வால்வை மட்டும் மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் கனெக்டரில் உள்ள பாதுகாப்பு அமைப்பு கேஸைக் குறைத்துவிடும், அடுப்பு மினுக் மினுக்கென்று எரியும். மூடி, கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் சரியாகும்.

அப்புறம், வெளியே வைத்துச் சமைக்கும் கேஸ் கிரில். "எந்த ஹோஸும் பொருந்தும்" என்று வேறொரு கடையில் ரெகுலேட்டர் வைத்த ஹோஸைத் தலையில் கட்டிவிட்டார்கள். டிரெய்லரின் பக்கவாட்டு இணைப்பில் வருவதே அழுத்தம் குறைத்த கேஸ்; அதை இன்னொரு ரெகுலேட்டர் வழியாக விட்டால் தீ எழும்பாது. ரெகுலேட்டர் இல்லாத லோ பிரஷர் ஹோஸையும், அதற்கு ஏற்ற கிரில்லையும் கேட்டு வாங்குங்கள். மாட்டியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்ற வையுங்கள்.